அம்மிணி நிறையத் தண்ணீர் குடித்தாள்

போன வருடம் மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னைப் புறநகரில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து வயதான பூனை ஒன்றைத் தத்தெடுத்து வந்தேன். பெரம்பூரில் இரண்டாவது மாடியில் சின்ன வாடகை வீடு. நான் மட்டும்தான் இருக்கிறேன். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. ஊர் கோபிச்செட்டிப்பாளையம். இந்தப் பதின்மூன்று மாதங்களில் 81,000 ரூபாய் செலவாகியிருக்கிறது, பதினொரு நாள் சம்பளம் போயிருக்கிறது, எத்தனையோ ராத்திரி தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அவளைக் கூட்டி வந்ததற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் போவதற்கு முன்னால் யாராவது என்னை உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால், முதல் இரண்டு மாதம் அவள் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டாள். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காப்பகத்துக்குப் போகும்போதே குட்டி வேண்டாம் என்று முடிவு செய்துதான் போனேன். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழுக்குத்தான் திரும்புகிறேன். ஒரு குட்டியை அவ்வளவு நேரம் தனியே பூட்டி வைக்க மனசு வரவில்லை. அங்கே குட்டிகள் இருந்த கூண்டைச் சுற்றி ஒரே கூட்டம். கடைசிக் கூண்டில், மடித்துப் போட்ட சாக்கின் மேல், வெள்ளையும் கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த ஒரு பூனை கால்களை உள்ளே மடக்கி உட்கார்ந்திருந்தது. எழுந்து வரவில்லை, கத்தவும் இல்லை. கம்பிக்குள் விரலை நீட்டினேன். மெதுவாக வந்து நெற்றியை விரலில் அழுத்தி அப்படியே நின்றது. தன்னார்வலராக இருந்த பெண், "ஆறு, ஏழு வயசு இருக்கும்க்கா. ரொம்ப சாது. நல்லா சாப்பிடுவா, நல்லா தண்ணி குடிப்பா, ஒரு தொந்தரவும் இல்ல" என்றாள். நல்லா தண்ணி குடிப்பா என்ற அந்த வார்த்தையைப் பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. அன்றைக்கு அது காதில் விழுந்து அப்படியே போய்விட்டது. படிவம் நிரப்பினேன், பால்கனிக்கு வலை அடித்த போட்டோவைக் காட்டினேன், நன்கொடையாக 1,000 ரூபாய் கொடுத்தேன், கூட்டி வந்துவிட்டேன்.

கையில் கொடுத்த அட்டையில் இரண்டே விஷயம்தான் இருந்தது: கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசி போட்டாகிவிட்டது. நான் கேட்டிருக்க வேண்டியவை நிறைய. இது தெருவிலிருந்து வந்ததா, யாராவது வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்களா? வந்தபோது எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி நிலவரம் தெரிந்துவிடும். எடை குறைந்துகொண்டே வரும் வயதான பூனைக்கு உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பகத்தில் சொல்லும் வயது என்பது பல்லையும் கண்ணையும் பார்த்துச் சொல்லும் உத்தேசக் கணக்கு. நாமும் கொஞ்சம் பார்க்கலாம். கண்ணின் வண்ணப் பகுதியில் துருப் புள்ளிகள் மாதிரி பழுப்புப் பொட்டுகள், தடவினால் கையில் தட்டுப்படும் முதுகெலும்பு, உள்ளே முழுதாக இழுத்துக்கொள்ள முடியாத தடித்த நகம் என்று மூன்றும் சேர்ந்து இருந்தால் ஆறு வயது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அம்மிணிக்கு மூன்றும் இருந்தன. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம், கூட்டி வருவதற்கு முன்னாலேயே ஒரு ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். செலவை நானே தருகிறேன் என்று சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான விலங்குகளை வைத்துக்கொண்டு, அடுத்த வேளைச் சோற்றுக்கே நன்கொடையை எதிர்பார்த்திருக்கும் இடத்தில் ஒவ்வொரு பூனைக்கும் அதெல்லாம் எடுக்க முடியாது, அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். ரிசல்ட் மோசமாக வந்தால் அந்தப் பூனையை விட்டுவிட்டு வரவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கு அன்றே தெரிந்திருந்தாலும் அவளைத்தான் கூட்டி வந்திருப்பேன். ஆனால் முதல் நாளிலிருந்தே சரியான சாப்பாடும் மருந்தும் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் தப்பு, ஹாலின் நடுவில் கூடையை வைத்துக் கதவைத் திறந்துவிட்டது. தன் வீடு இனி இது, முழுசும் சுற்றிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவள் ஒரே ஓட்டமாக ஓடி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொண்டாள். ராத்திரி முழுக்க அந்த மோட்டார் சூட்டில், ஒட்டடையோடு ஒட்டடையாக உட்கார்ந்திருந்தாள். வயதான பூனைக்குப் புது வீடு என்பது பெரிய பயம். ஒரு சின்ன அறை போதும். அதில் ஒரு மூலையில் சாப்பாடு, எதிர் மூலையில் லிட்டர் ட்ரே (மலம், சிறுநீர் கழிக்க மண் போட்டு வைக்கும் தட்டு), ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து உள்ளே பழைய சேலையை விரித்தால் அதைவிட வசதி அதற்கு வேறில்லை. அப்படியே ஒரு வாரம் விட்டுவிட்டு, அதுவாக வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும்போது அடுத்த அறையைத் திறந்தால் போதும். காப்பகத்தில் அது படுத்திருந்த துணியையோ சாக்கையோ துவைக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள். அந்த வாசனை ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வாசனை.

இரண்டாவது தப்பு சாப்பாட்டில். நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு விலை உயர்ந்த டின்களாக வாங்கி அடுக்கியிருந்தேன். அவள் மோந்துகூடப் பார்க்கவில்லை. முதல் நாள் பயம் என்று விட்டேன், இரண்டாம் நாள் பழகவில்லை என்று விட்டேன். மூன்றாம் நாள் காலையும் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நாம் ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பது மாதிரி பூனையால் கிடக்க முடியாது. இரண்டு, மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலையே கெடுத்துவிடும். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் ஒரு முழு நாள் சாப்பிடவில்லை என்றாலே டாக்டருக்குப் போன் போடுங்கள். காப்பகத்தில் என்ன கொடுத்தார்களோ அதையே, அங்கிருந்தே ஒரு வாரத்துக்கு வாங்கி வந்து, புதுசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் சரி. எனக்கு இதைச் சொன்னது பெரம்பூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாதான். "டப்பா சோறெல்லாம் அதுக்கு என்னா தெரியும்? இந்த மத்திய வேகவெச்சு, முள்ள எடுத்துட்டு, சூடு ஆறதுக்குள்ள வெய்யி. வாசன வரணும்மா. வயசானதுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும்" என்றார். அப்படியே செய்தேன். ஆவி அடங்கின மத்தியை ஃபிரிட்ஜ் ஓரத்தில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். பத்து நிமிஷம் கழித்து இருட்டில் தட்டு நகரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்றைக்கும் எந்தச் சாப்பாட்டையும் இளஞ்சூடாக்கித்தான் வைக்கிறேன்.

அன்றைக்குத்தான் ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அம்மிணி சாப்பிட்டாளாக்கு?" என்று அம்மா கேட்டார். அதுவே பேராகிவிட்டது.

ஜூன் மாதம் முழுக்க அம்மிணி நன்றாக இருக்கிறாள் என்றே நம்பினேன். அறையை விட்டு வெளியே வந்தாள், ராத்திரி என் கால்மாட்டில் படுத்தாள். கிண்ணத்துத் தண்ணீர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை காலியானது. சில நாள் பாத்ரூம் வாளியின் விளிம்பில் முன்கால் வைத்து அதிலிருந்தும் குடித்தாள். வெயில் காலம், குடிக்கிறாள், நல்லதுதானே என்று இன்னொரு கிண்ணம் வைத்தேன். லிட்டர் மண்ணில் கட்டி கட்டியாக வருமே, முதலில் எலுமிச்சை அளவில் இருந்தது ஆரஞ்சு அளவுக்கு வந்தது. அதையும் பார்த்தேன், அள்ளிப் போட்டேன். பூனை இயல்பில் அதிகம் தண்ணீர் குடிக்காத பிராணி. வயதான பூனை திடீரென்று கிண்ணம் கிண்ணமாகக் குடித்தால், பெரிய பெரிய கட்டியாகச் சிறுநீர் போனால், சிறுநீரகமோ தைராய்டோ சர்க்கரையோ ஏதோ ஒன்று என்று நினைத்து அன்றைக்கே பரிசோதனைக்குப் போக வேண்டும். எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய, அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்தால் போதும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் கண்டிப்பாக அதிகம். நான் ஜூலையில் அளந்தபோது 2.6 கிலோ அம்மிணி கிட்டத்தட்ட 300 மில்லி குடித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் ட்ரேக்கு வெளியே சிறுநீர் போக ஆரம்பித்தாள். கீழ்வீட்டு அக்கா படியேறும்போது மூக்கைப் பொத்தினார், வீட்டு ஓனர் இரண்டு முறை போன் செய்தார். நான் கோபத்தில் ஒரு நாள் அவளைச் சத்தம் போட்டுவிட்டேன். அவள் பயந்து மறுபடி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனாள். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கடையில் நல்லது என்று வாங்கின ட்ரேயின் சுவர் ஆறு அங்குல உயரம். அவளுக்கு மூட்டு வலி. 12 வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததாகப் படித்தேன். நொண்டினால்தானே நமக்குத் தெரியும்? பூனை நொண்டாது, குதிப்பதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் டப்பின் முன்பக்கத்தைச் சூடான கத்தியால் இரண்டு அங்குலம் மட்டும் விட்டு வெட்டி எடுத்தேன். அன்றோடு வெளியே போவது நின்றது. நடக்கும்போது டைல்ஸ் தரையில் டக் டக் என்று சத்தம் வருவதை அழகு என்று ரசித்துக்கொண்டிருந்தேன், அதுவும் தப்பு. நகம் வளர்ந்து உள்ளே போக முடியாமல் தரையில் தட்டுகிற சத்தம் அது. ஒரு நாள் வலது முன்காலைப் பிடித்துப் பார்த்தால், கட்டைவிரல் நகம் வளைந்து பஞ்சுப் பாதத்துக்குள்ளேயே குத்தி நின்றது, சுற்றிலும் சீழ். வயதான பூனைகள் நகத்தைப் பிறாண்டித் தேய்ப்பதைக் குறைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாமே வெட்டிவிட வேண்டும்; உள்ளே தெரியும் ரோஸ் நிற நரம்பைத் தொடாமல் நுனியை மட்டும்.

ஜூலை முதல் வாரம் வாந்தி ஆரம்பித்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் எல்லாம் நாய்கள். இரண்டு மணி நேரம் கூடைக்குள் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று நிமிஷம். பசி எடுக்க ஊசி, ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு டானிக். ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், தேவையில்லை, வெயில் சூடு என்றார்கள். நான்கு நாள் கழித்து மறுபடி போனேன், மறுபடி அதே ஊசி. இரண்டு தடவைக்கும் சேர்த்து 2,300 ரூபாய். அந்தப் பணத்தை விட அந்தப் பத்து நாள் போனதுதான் வலிக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட பூனை வாந்தி எடுக்கிறது, இளைக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் மருந்து வாங்கி வராதீர்கள். டாக்டர் வேண்டாம் என்றால் மரியாதையாகவே இன்னொரு முறை கேளுங்கள், அப்போதும் வேண்டாம் என்றால் வேறு இடம் போங்கள். கூடைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டால் நாய்களைப் பார்த்து மிரள்வது பாதி குறையும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பத்து நாளில் ஒரு ராத்திரி அவள் உடம்பு சூடாக இருப்பதாகத் தோன்றியது. கீழ்வீட்டு அக்கா பாவம், நல்ல மனசோடுதான், "கைக்குழந்தைக்குக் குடுக்கிற பாராசிட்டமால் சிரப்பு இருக்கு, அரை ஸ்பூன் குடு" என்று கொண்டுவந்து கொடுத்தார். பாட்டிலைத் திறந்து சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். என்னவோ தோன்றி, காப்பகத்துப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டேன். அவள் போனிலேயே அலறினாள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். பூனையின் இயல்பான உடம்புச் சூடே 100.5 முதல் 102.5 டிகிரி வரை, நம் கைக்கு எப்போதும் காய்ச்சல் மாதிரிதான் தெரியும். நாய்க்கு உண்ணி போக முதுகில் ஊற்றுகிற மருந்துகளில் பெர்மெத்ரின் என்று இருந்தால் அதுவும் பூனையைக் கொல்லும். பூங்கொத்தில் வருகிற லில்லி இன்னும் மோசம். இலையைக் கடித்தாலும், மேலே பட்ட மகரந்தத்தை நக்கினாலும் சிறுநீரகம் போய்விடும். அந்தச் சிரிஞ்சைக் கழுவித் தூரப் போட்டபோது என் கை நடுங்கியது.

மறுநாள் காலை வேப்பேரியில் இருக்கிற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். பெரம்பூரிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான், இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் இருக்கும், சீக்கிரமே போய் வரிசையில் நின்றுவிட வேண்டும், அலுவலகத்துக்கு அன்று முழு நாள் லீவு சொல்லிவிட வேண்டும். ஒரு டாக்டரம்மா முதலில் கண்ணைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், கழுத்துத் தோலை மெதுவாகத் தூக்கி விட்டார். தூக்கின தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தமாம். அவ்வளவு தண்ணீர் குடிக்கிறவளுக்கு! "எத்தனை வயசு சொன்னாங்க?" என்று கேட்டார். ஆறு, ஏழு என்றேன். "பன்னிரண்டுக்குக் குறையாதும்மா" என்றார். மனிதக் கணக்கில் அறுபத்து நாலு. என் அம்மாவின் வயது.

ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, 4.1 வந்தது. பாஸ்பரஸ் அதிகம், பொட்டாசியம் குறைவு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, நான்கு நிலைகளில் மூன்றாவது நிலை. டாக்டரம்மா பேப்பரில் படம் போட்டு விளக்கினார். சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் அது சிறுநீரைக் கெட்டியாக்க முடியாமல் தண்ணீராக விடும். போகிற தண்ணீரை ஈடுகட்டத்தான் பூனை குடித்துக்கொண்டே இருக்கும். முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியேட்டினின் ஏறும். போனது திரும்பி வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு ஓட்டலாம். எஸ்.டி.எம்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது இன்னும் முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும். எல்லா லேப்பிலும் எடுக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: மே மாதமே வந்திருந்தால்? அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அப்பவும் இருந்திருக்கும்மா. இவ்வளவு காஞ்சு போயிருக்க மாட்டா" என்றார். வராந்தாவில் மாட்டுக்காரர் ஒருவர் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அழுவதைப் பார்த்துத் தன் துண்டை நீட்டினார்.

மூன்று நாள் தினமும் போய் டிரிப்ஸ் ஏற்றினோம். அப்புறம் டாக்டரம்மா, இதை நீங்களே வீட்டில் தோலுக்கடியில் ஏற்றலாம், ஆட்டோவில் அலைய வேண்டாம் என்றார். என்னால் முடியவே முடியாது என்றேன். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், முடியும். செய்முறையை டாக்டர் கையால் இரண்டு முறை பார்த்து, மூன்றாவது முறை அவர் முன்னால் நீங்கள் செய்து, அதன் பிறகுதான் வீட்டில் செய்ய வேண்டும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், இதய நோய் உள்ள பூனைக்கு இதுவே ஆபத்தாகிவிடும். எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மில்லி. ரிங்கர் லாக்டேட் பாட்டிலை முதலில் வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவருவேன். சில்லென்று ஏறினால் துடித்துப்போவாள். ஹாலில் பழைய ஊஞ்சல் கொக்கி ஒன்று இருக்கிறது, பாட்டில் அதில் தொங்கும். அவளை என் பக்கம் முதுகு காட்டி மடியில் உட்காரவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி இடது கையால் தூக்கிப் பிடித்து, ஊசியை அந்தக் கூடாரத்தின் வாசலில் தரைக்கு இணையாக உள்ளே விட வேண்டும். தோலைத் தாண்டும்போது விரலில் ஒரு சின்னப் 'பொட்' தெரியும். அது தெரிந்தால் சரியாகப் போய்விட்டது. எதிர்ப்பக்கம் ரோமம் நனைந்தால் குத்தி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் நனைந்தது. திறந்துவிட்டால் ஏழெட்டு நிமிஷம். ஏறின தண்ணீர் முதுகில் ஒரு சின்னத் திமிலாக நின்று, கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கத் தோளுக்கு இறங்கி, காலைக்குள் வற்றிவிடும். ஊசி ஏறுகிற நேரமெல்லாம் விரல் நுனியில் துளி மீன் குழம்புத் தெளிவை நக்கக் கொடுத்தேன், உப்பும் வெங்காயமும் போடாதது. மூன்றாவது வாரத்திலிருந்து பாட்டிலைக் கொக்கியில் மாட்டினாலே அவளாக வந்து மடியில் ஏறிவிடுகிறாள்.

சாப்பாட்டில் ஒரு குழப்பம் வந்தது. சிறுநீரக நோய்க்கென்று தனித் தீவனம் இருக்கிறது, பாஸ்பரஸ் குறைவாக. அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து, அவள் தொடாமல், மறுபடி இளைத்தாள். டாக்டரம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: சரியான சாப்பாட்டைச் சாப்பிடாத பூனையை விட, தப்பான சாப்பாட்டைச் சாப்பிடுகிற பூனை நல்லது. ஆறு வாரம் எடுத்துக்கொண்டு, வேகவைத்த கோழியோடு ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று கலந்து மாற்றினேன். பால் கொடுக்காதீர்கள், பெரிய பூனைகளுக்குப் பெரும்பாலும் செரிக்காது, வயிற்றுப்போக்கில் இருக்கிற தண்ணீரும் போய்விடும். தயிர்சாதம், பருப்புசாதம் கொடுத்துச் சைவமாக வளர்க்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். டாரின் என்ற சத்து பூனைக்கு மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும், அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெட்டுவிடும். எடை பார்க்கக் கைக்குழந்தைக்கான தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நாம் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்க்கும் கணக்கில் 100 கிராம் தெரியாது. 2.6 கிலோ பூனைக்கு 100 கிராம் என்பது நமக்கு இரண்டு கிலோ மாதிரி.

பணக்கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு யாரும் சொல்லாதது இது. நன்கொடை 1,000, கூடை 1,650, வலையும் ட்ரேயும் தராசும் சேர்த்து 4,200, முதல் கிளினிக் 2,300, வெளி லேப்பில் எடுத்த முதல் சுற்றுப் பரிசோதனைகளும் ஸ்கேனும் 4,600. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் பார்க்க 2,200 வீதம் நான்கு முறை. சிறுநீரகம் கெட்ட பூனைக்கு ரத்த அழுத்தம் ஏறும், கவனிக்காவிட்டால் ஒரே ராத்திரியில் பார்வை போய்விடலாம், அதனால் அந்தப் பரிசோதனையை விடவே கூடாது. இதற்கு மேல் மாதாமாதம் தீவனம், டிரிப்ஸ் பாட்டில், ஊசி, மருந்து எல்லாம் சேர்த்து 4,500. என் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்கவில்லை, ஒரு சீட்டைப் பாதியில் நிறுத்தினேன். வயதான பூனையைக் கொண்டுவர நினைத்தால், முதல் நாளே தனியாக 25,000 ரூபாயாவது ஒதுக்கி வைத்துவிட்டுப் போங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மூச்சு வாங்குகிற பூனையை மடியில் வைத்துக்கொண்டு யாரிடம் கடன் கேட்பது என்று யோசிக்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

பணத்தை விடக் கஷ்டமாக இருந்தது, இதைப் பேச ஆளில்லாதது. ஒரு பூனைக்குப் போய் இவ்வளவா என்று அண்ணன் கேட்டான். அலுவலகத்தில் லீவு கேட்கும்போது பூனைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாமல் எனக்கே காய்ச்சல் என்று சொன்னேன். பங்குனியில் ஊரில் கல்யாணம். மூன்று நாள் போக வேண்டும், யாரிடம் விடுவது? கடைசியில் கை கொடுத்தது கீழ்வீட்டு அக்காதான். பாராசிட்டமால் கதைக்குப் பிறகு அவரே மேலே வந்து, எனக்கும் சொல்லிக்கொடு என்றார். டிரிப்ஸ் ஏற்றுவதை நான்கு முறை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். நீங்கள் தனியாக இருப்பவராக இருந்தால், பூனை வருவதற்கு முன்னாலேயே இப்படி ஒருவரைப் பிடித்துவையுங்கள். மருந்து, அளவு, நேரம், டாக்டர் போன் நம்பர் எல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

டிசம்பரில் காப்பகத்துப் பெண் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். பழைய பதிவேட்டில் தேடிப் பார்த்தாளாம். அம்மிணி ஒரு வீட்டில் வளர்ந்தவள், வளர்த்த பெரியவர் காலமானதும் பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பத்து மாதம் அந்தக் கூண்டில் இருந்திருக்கிறாள். ராத்திரி எட்டு மணிக்கு டிவி செய்தி ஓடும்போது மட்டும் எங்கிருந்தாலும் எழுந்து வந்து என் மடியில் உட்காருவாளே, அது யாரிடம் பழகிய பழக்கம் என்று அன்றைக்குப் புரிந்தது. அதிலிருந்து, எனக்குச் செய்தி பார்க்கப் பிடிக்காவிட்டாலும் எட்டு மணிக்கு டிவியைப் போட்டுவிடுகிறேன்.

போன மாதம் கிரியேட்டினின் 4.6. டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்திருக்கிறார். சமையலறையில் தொங்குகிற தினசரிக் காலண்டர் தாளில், ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாள் அம்மிணிக்கு எப்படி இருந்தது என்று குறிக்க வேண்டும். தானாகச் சாப்பிட்டாள், தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டாள், கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தாள் என்றால் ஒரு டிக். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒரு கோடு. கோடுகள் டிக்குகளைத் தாண்டும் மாதம் நாம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிழிக்கிற தாள்களை எறியாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்த மாதம் இதுவரை பத்தொன்பது டிக், மூன்று கோடு. இன்று டிரிப்ஸ் நாள். பாட்டில் வெந்நீரில் இருக்கிறது, அவள் கொக்கிக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டாள்.